ஐஎன்ஆர் பார்க்க வேண்டியவர்களைக் கிளினிக் மென்பொருளில் கவனிப்பது எப்படி

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் போன்றோர் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண்ணை அவர்களுக்கு அடிக்கடி பார்க்க வேண்டும். எண் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. அப்படிப்பட்டவர்கள் முப்பது நாற்பது பேர் இருக்கும்வரை கிளினிக்கில் ஒரு நீள நோட்டு போதும். நூறைத் தாண்டினால் நோட்டு ஒரு விஷயத்தில் கைவிட்டுவிடும். வந்தவரை அது காட்டும், வராதவரைக் காட்டாது. அந்த மாத்திரைகளான வார்ஃபரின், அசினோகூமரால் (அசிட்ரோம் என்றால்தான் பலருக்குத் தெரியும்) சாப்பிடுபவர்களில் ஆபத்து அதிகம் இருப்பது அந்த வராதவர்களுக்குத்தான். டோஸ் கணக்கை அனுபவமுள்ள மருத்துவர் மனதிலேயே போட்டுவிடுவார். ஆனால் ஆறு வாரமாக ரத்தம் கொடுக்காத ஒருவரை யார் நினைவில் வைத்திருப்பது? மென்பொருளுக்குக் காசு கொடுப்பது முதலில் அதற்காகத்தான்.

இங்கே சொல்வது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். இதற்கென்றே பிரிட்டனில் உருவான டான் ஏசி, ஐஎன்ஆர்ஸ்டார் போன்றவையாக இருக்கலாம், சாதாரண கிளினிக் மென்பொருளில் சேர்த்த ஒரு படிவமாக இருக்கலாம், ஒழுங்காக வைத்த எக்செல் தாளாகவும் இருக்கலாம். எதுவானாலும் டோஸ் முடிவு மருத்துவருடையது. மென்பொருள் பரிந்துரைக்கும், மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே அது நோயாளியின் கைக்குப் போக வேண்டும். ஒப்புதல் தந்தவர் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும்.

ஒருவரை முதன்முதலில் பதிவு செய்யும்போது

செல்போன் எண்ணை வைத்து நோயாளியை அடையாளம் காணும் மென்பொருள்கள் நம் ஊரில் நிறைய. இந்த வேலைக்கு அது ஆபத்து. அம்மா, மகள், மருமகன் மூவருக்கும் ஒரே எண் இருக்கும். பெயரும் கைகொடுக்காது. மு. செல்வி, செல்வி மு., செல்வி முருகன் மூன்றும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், மூன்று ஆட்களாகவும் இருக்கலாம். கிளினிக்குக்கென்று தனி எண் கொடுத்து, அதை ஐஎன்ஆர் அட்டையில் பெரிதாக அச்சிடுங்கள். திரையைத் திறக்கும்போது எண், பெயர், வயது மூன்றையும் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். ஒருவரின் ஐஎன்ஆர் இன்னொருவர் பக்கத்தில் ஏறிவிட்டால் தப்பு இரண்டு பேருக்கும் நடக்கும்.

தொலைபேசிக்கு இரண்டு கட்டங்கள் வையுங்கள். ஒன்று நோயாளியுடையது, மற்றது மாத்திரை எடுத்துக் கொடுப்பவருடையது. வயதானவர்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் முக்கியம்.

அடுத்து, மாத்திரை எதற்காக என்பது. ‘இதய நோய்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா (தாளம் தப்பிய இதயத்துடிப்பு), காலில் ரத்தக்கட்டியா, மெக்கானிக்கல் வால்வா, வால்வு என்றால் இதயத்தில் மைட்ரல் இடத்திலா அயோர்ட்டிக் இடத்திலா என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். ஐஎன்ஆர் இலக்கு இதிலிருந்துதான் வருகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் காலில் கட்டி வந்தவர்களுக்கும் 2.0 முதல் 3.0. மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5. அயோர்ட்டிக் இடத்தில் புதுவகை இருவிதழ் வால்வு, வேறு ஆபத்துக் காரணம் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் 2.0 முதல் 3.0. பல மென்பொருள்கள் யாரைக் கேட்டாலும் 2–3 என்று தானாகவே போட்டுவிடும். அந்தத் தானியங்கி மதிப்பை முதல் நாளே எடுத்துவிடுங்கள். இலக்குக் கட்டம் காலியாக இருந்தால் பதிவைச் சேமிக்க விடக்கூடாது. மைட்ரல் வால்வுக்காரர் 2.1-இல் பச்சை நிறத்தில் தெரிவதைப் போல ஏமாற்றும் திரை வேறில்லை.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்பதும் பதிவாக வேண்டும். மெக்கானிக்கல் வால்வுக்கு ஆயுள் முழுக்க. காலில் கட்டி வந்தவருக்குக் குறைந்தது 3 மாதம், அதன் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். அந்த மறுபார்வைத் தேதி இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குத் தொடங்கிய மாத்திரை கேட்பாரின்றி மூன்று வருடம் ஓடும்.

எடை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), ஹீமோகுளோபின், கூடவே சாப்பிடும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல் ஆகியவற்றையும் சேருங்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குத் தனி எச்சரிக்கைக் குறி வேண்டும். கருவின் 6 முதல் 12 வாரம் வரை இந்த மாத்திரைகள் குழந்தையைப் பாதிக்கக்கூடும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு இளம் வயதிலேயே வால்வு மாற்றிக்கொண்ட பெண்கள் நம்மிடம் கணிசம். ஒவ்வொரு முறையும் ‘மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா?’ என்ற கேள்வி திரையில் வரட்டும். கேட்கக் கூச்சப்படுகிற ஊழியருக்கும் அது வழி செய்து கொடுக்கும்.

ஐஎன்ஆர் எண்ணை ஏற்றும்போது

லேப் ரிப்போர்ட்டில் பல எண்கள் இருக்கும். நோயாளியின் பிடி (PT, ரத்தம் உறையும் நேரம்) வினாடிகள், கன்ட்ரோல் (இயல்பான ரத்தத்துக்கான) வினாடிகள், விகிதம், ஐஎன்ஆர். தட்டச்சு செய்பவர் வினாடியை ஐஎன்ஆர் கட்டத்தில் போடுவது அடிக்கடி நடக்கும். 2.6-க்குப் பதில் 26 என்று புள்ளி விடுபடுவதும் அப்படியே. 10-க்கு மேலோ 0.8-க்குக் கீழோ எண் வந்தால் மென்பொருள் நின்று மறுபடி தட்டச் சொல்ல வேண்டும். சில லேப்கள் மிக அதிகமான மதிப்பை ‘8-க்கு மேல்’ என்று மட்டும் தரும். அதை எண்ணாக மாற்றித் திணிக்காமல், ‘மேல்’ என்று குறிக்க ஒரு வழி வேண்டும்.

லேப் பெயரை ஒவ்வொரு முடிவோடும் பதியுங்கள். காரணம் ஐஎன்ஆர் வரும் விதத்திலேயே இருக்கிறது. நோயாளியின் வினாடியைச் சராசரி இயல்பு வினாடியால் வகுத்து, அந்த விகிதத்தை ஐஎஸ்ஐ என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்துகிறார்கள். ஐஎஸ்ஐ என்பது லேப் வாங்கும் பரிசோதனை ரசாயனமான ரீயேஜென்ட்டைப் பொறுத்தது, புட்டி மாறினால் மாறும். நோயாளிக்கு 30 வினாடி, இயல்பு 12 வினாடி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.5. ஐஎஸ்ஐ 1.0 என்றால் ஐஎன்ஆரும் 2.5. ஐஎஸ்ஐ 1.3 என்றால் அதே ரத்தத்துக்கு 3.3 வரும். புதுப் புட்டி வந்தும் பழைய ஐஎஸ்ஐ-யையே கருவியில் விட்டுவைத்த லேப்பிலிருந்து வரும் எல்லா முடிவுகளும் ஒரே பக்கம் சாயும். ஒரே வாரத்தில் ஒரே லேப்பிலிருந்து வந்த பலருக்கு ஐஎன்ஆர் கூடியிருந்தால், நோயாளிகளின் டோஸில் கைவைப்பதற்கு முன் லேப்புக்குப் போன் போடுங்கள். லேப் வாரியாக வாராந்தரச் சராசரி காட்டும் ஒரு எளிய அறிக்கை போதும், இது கண்ணில் பட்டுவிடும்.

குழாயும் கவனத்துக்குரியது. நீல மூடிக் குழாயில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு. கோடு வரை நிரப்பாமல் பாதியில் எடுத்தால் சிட்ரேட் அதிகமாகி ஐஎன்ஆர் பொய்யாக உயரும். எதிர்பாராமல் உயர்ந்த மதிப்பு வந்தால், ‘குழாய் நிரம்பியதா?’ என்று ஒரு டிக் பெட்டி கேட்கட்டும். விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதன் முடிவையும் லேப் முடிவையும் வேறு வேறு குறியில் பதிய வேண்டும். கருவி 5-க்கு மேல் காட்டினால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேப்பில் உறுதி செய்வது நல்லது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி (ரத்தம் எளிதில் கட்டியாகும் ஒரு நோய்) உள்ளவர்களுக்கு அந்தக் கருவியின் எண்ணை நம்பக்கூடாது என்று பதிவிலேயே எழுதிவையுங்கள்.

டோஸ்: வாரக் கணக்கில், மி.கி.யில்

‘ஒன்றரை மாத்திரை’ என்று எந்தத் திரையிலும் எழுத விடாதீர்கள். வார்ஃபரின் 1, 2, 3, 5 மி.கி. என்றும், அசினோகூமரால் 1, 2, 3, 4 மி.கி. என்றும் கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் ஒரு பலம் கொடுப்பார்கள், அது தீர்ந்தால் கடையில் வேறு பலம் கிடைக்கும். ‘ஒன்றரை’ என்பது ஒரு வாரம் ஒன்றரை மி.கி., அடுத்த வாரம் மூன்று மி.கி. ஆகிவிடும். டோஸ் எப்போதும் மி.கி.யில் இருக்க, பக்கத்தில் நோயாளியின் வீட்டில் இப்போது உள்ள மாத்திரையின் பலம் தனிக் கட்டமாக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் 1 மி.கி.யும் 5 மி.கி.யும் ஒன்றாகக் கிடப்பது கூடவே கூடாது. அந்த இரண்டும் ஒருவர் பெயரில் பதிவானால் சிவப்பு எச்சரிக்கை வரட்டும்.

மருந்தின் பெயரும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அசினோகூமரால் மி.கி.க்கு மி.கி. வார்ஃபரினைவிட ஏறத்தாழ இருமடங்கு வலுவானது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே மி.கி.யில் கொடுத்தால் சில நாளில் ரத்தக்கசிவு அல்லது கட்டி. வெளிநாட்டு மென்பொருளின் தொடக்க டோஸ் விதிகள் வார்ஃபரினுக்காக எழுதப்பட்டவை என்பதால் அசினோகூமராலுக்கு அந்தப் பகுதியை அணைத்துவிடுவதே நல்லது.

மாற்றம் செய்யும்போது வார மொத்தத்தில் 5 முதல் 20 சதவீதம் என்பதே நடைமுறை. கணக்கு எளிது, அதை மாத்திரையாக்குவதில்தான் சிக்கல். தினம் 2 மி.கி. அசினோகூமரால் சாப்பிடுபவருக்கு வாரம் 14 மி.கி. பத்து சதவீதம் கூட்டினால் 15.4. அப்படி ஒரு டோஸ் யாராலும் சாப்பிட முடியாது. நான்கு நாள் 2 மி.கி., மூன்று நாள் 2.5 மி.கி. என்றால் 15.5 வரும், பாதியாக உடைக்கக்கூடிய 1 மி.கி. மாத்திரை வீட்டில் இருந்தால். உடைக்கத் தெரியாதவர் என்றால் ஐந்து நாள் 2, இரண்டு நாள் 3 என்று 16 மி.கி. போகலாம், அது 14 சதவீத உயர்வு. வார்ஃபரின் தினம் 5 மி.கி. (வாரம் 35) சாப்பிடுபவருக்குக் குறைக்க வேண்டுமென்றால், நான்கு நாள் 5, மூன்று நாள் 4 என்று 32 மி.கி. நல்ல மென்பொருள் வீட்டில் உள்ள பலங்களைப் பார்த்து இந்தப் பங்கீட்டைத் தானே போட்டு, கிழமை வாரியாக அச்சிடும். உங்களுடையது செய்யாது என்றால் அடிக்கடி வரும் இருபது முப்பது வார மொத்தங்களுக்கு ஒரு அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டுங்கள். கூடுதல் டோஸ் நாட்களை எப்போதும் திங்கள், வெள்ளி என்று ஒரே கிழமைகளில் வைத்தால் குழப்பம் குறையும்.

எண் கொஞ்சம் விலகியதற்கெல்லாம் டோஸை மாற்றத் தேவையில்லை. இதுவரை சீராக இருந்தவருக்கு இலக்கிலிருந்து 0.5-க்குள் ஒரே ஒரு முறை விலகியிருந்தால், அதே டோஸைத் தொடர்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது போதும். மென்பொருள் ஒவ்வொரு விலகலுக்கும் புது டோஸ் பரிந்துரைத்தால், இந்த மாதம் கூட்டி அடுத்த மாதம் குறைத்து ஐஎன்ஆரை நாமே ஆட்டிவிடுவோம். அந்த அமைப்பை மாற்ற முடியுமா என்று விற்பவரிடம் வாங்கும் முன்பே கேளுங்கள்.

மென்பொருள் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டு, மருத்துவரை அழைக்கச் சொல்ல வேண்டிய எல்லைகளும் உண்டு. ஐஎன்ஆர் 5-க்கு மேல் போனால் அன்றைக்கே நோயாளியிடம் பேசியாக வேண்டும். மெக்கானிக்கல் வால்வுக்காரருக்கு 1.5-க்குக் கீழ் போனாலும் அன்றைக்கே. ரத்தக்கசிவு இல்லாமல் 4.5 முதல் 10 வரை இருந்தால் டோஸை விட்டுக் காத்திருந்து பார்ப்பதே பெரும்பாலும் வழி, மாத்திரையின் விளைவை முறிக்கும் வைட்டமின் கே வழக்கமாகத் தேவைப்படாது. 10-க்கு மேல் வைட்டமின் கே வாய்வழியாகக் கொடுக்கச் சொல்கின்றன வழிகாட்டுதல்கள். வால்வுக்காரருக்கு அதில் தனிக் கவனம் வேண்டும். ரத்தக்கசிவு இருந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், நேராக மருத்துவமனை.

அடுத்த தேதியும் தவறியவர் பட்டியலும்

அடுத்த பரிசோதனைத் தேதி இல்லாமல் எந்தப் பதிவும் மூடப்படக்கூடாது. இது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. புதிதாகத் தொடங்கியவருக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, நிலைப்பட்டதும் வாரம் ஒரு முறை, பிறகு நான்கு வாரம் வரை. வார்ஃபரின் டோஸ் மாற்றத்தின் முழு விளைவு தெரிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், அதனால் மாற்றிய மறுநாளே ரத்தம் எடுப்பதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி ஆகியவற்றை விடுமுறைப் பட்டியலில் சேர்த்து, தேதியை முன்னதாகத் தள்ளும்படி வையுங்கள். பின்னால் தள்ளினால் பொங்கல் வாரம் முழுக்கக் காணாமல் போகும்.

தினமும் காலையில் முதல் வேலையாகத் தவறியவர் பட்டியலைத் திறக்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ‘எல்லோரும் பார்ப்பார்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். படிகள் இப்படி இருக்கலாம்: தேதி தவறிய மறுநாள் செய்தி, மூன்றாம் நாள் போன், ஏழாம் நாள் இரண்டாவது எண்ணுக்குப் போன், பதினான்காம் நாள் மருத்துவர் பார்வைக்கு. மைட்ரல் மெக்கானிக்கல் வால்வுக்காரர்களும் கடைசி ஐஎன்ஆர் இலக்குக்கு வெளியே இருந்தவர்களும் மறுநாளே போன் வரிசைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தையாவது எழுதுங்கள். ‘எடுக்கவில்லை’, ‘நடவு வேலை, வெள்ளி வருகிறார்’, ‘மாத்திரையை நிறுத்திவிட்டார்’. கடைசியில் சொன்னது வந்தால் அது அலுவலக வேலை இல்லை, அவசரம்.

எஸ்எம்எஸ் அனுப்பக் கிளினிக்கின் பெயரும் செய்தி வாசகமும் டிஎல்டி தளத்தில் (தொலைபேசி நிறுவனங்கள் வணிகச் செய்திகளைப் பதிவு செய்யும் தளம்) முன்பே பதிவாகியிருக்க வேண்டும். பதியாத வாசகத்தை அந்த நிறுவனங்கள் தடுத்துவிடும், செய்தி போயிற்று என்று திரை காட்டினாலும் நோயாளிக்கு வந்திருக்காது. வாசகத்தைத் தமிழில் எழுதுங்கள். புது டோஸைச் செய்தியில் மட்டும் அனுப்பி விட்டுவிடாதீர்கள். போனில் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, அப்படிச் சொன்னதையும் பதியுங்கள்.

வேறு மருந்துகள்

ஒவ்வொரு முறையும் திரை கேட்க வேண்டிய கேள்விகள்: புதிதாக ஏதாவது மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து உண்டா? டோஸ் விட்டுப்போனதா? வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சாப்பிடாத நாட்கள் உண்டா? பல்லில், மூக்கில், சிறுநீரில், மலத்தில் ரத்தம் உண்டா?

மெட்ரனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல், அமியோடரோன் ஐஎன்ஆரைக் கூட்டும். கார்பமசெபின், ஃபெனோபார்பிட்டால் குறைக்கும். நம் ஊரில் தனியாகக் குறிக்க வேண்டியது காசநோய்க்கான ரிஃபாம்பிசின். அது ஐஎன்ஆரை வெகுவாக இறக்கும், டோஸைப் பெரிய அளவில் கூட்ட வேண்டிவரும். உண்மையான ஆபத்து சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு வருகிறது. கூட்டிய டோஸ் அப்படியே இருக்க, ஐஎன்ஆர் சில வாரங்களில் ஏறிக்கொண்டே போகும். அதனால் காசநோய் சிகிச்சை முடியும் தேதியை நினைவூட்டலாகப் போட்டு, அதன் பிறகு வாராவாரம் பார்க்கும்படி வையுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் ஐஎன்ஆரை மாற்றாமலேயே வயிற்றில் ரத்தம் கசியச் செய்யலாம், எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. இடுப்பில் போடும் தசை ஊசி தவிர்க்கப்பட வேண்டும் என்று அட்டையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வைட்டமின் கே இருக்கிறது என்று கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். முருங்கைக்கீரை சாப்பிடுபவர் வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும், டோஸ் அதற்கு ஏற்ப அமைந்துவிடும்.

தற்காலிக நிறுத்தம்

அறுவை சிகிச்சைக்கு முன் வார்ஃபரினைப் பொதுவாக 5 நாள், அசினோகூமராலை 2, 3 நாள் நிறுத்துவார்கள். சாதாரணப் பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை, ஐஎன்ஆர் 4-க்குக் கீழ் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தால் போதும். மென்பொருளில் ‘நிறுத்தம்’ என்ற நிலைக்கு மறுதொடக்கத் தேதி கட்டாயமாக இருக்க வேண்டும். அந்தத் தேதி வந்ததும் பெயர் தானாகத் தவறியவர் பட்டியலில் ஏற வேண்டும். பல் மருத்துவரோ கண் மருத்துவரோ நிறுத்தச் சொன்னது, பிறகு யாருமே தொடங்கச் சொல்லாதது என்பதுதான் வால்வில் கட்டி உறைவதற்கான பழகிய வழி. நிறுத்தத்தில் இருப்பவரைச் சாதாரணப் பட்டியலிலிருந்து மறைத்துவிடும் மென்பொருள் இதற்குத் துணைபோகிறது.

புது வகை மாத்திரைகள்

ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகளான அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் சாப்பிடுபவர்களையும் இதே பதிவேட்டில் வையுங்கள், ஆனால் அவர்களிடம் ஐஎன்ஆர் கேட்கக் கூடாது. அங்கே பார்க்க வேண்டியது சிறுநீரகம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்கினால் கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) வரும். அது 60-க்குக் கீழ் இருந்தால், அந்த எண்ணைப் பத்தால் வகுத்து வரும் மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கலாம். 40 என்றால் நான்கு மாதம். எடை காலியாக இருந்தால் மென்பொருள் கணக்கைக் காட்டவே கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அபிக்சபான் சாப்பிடுபவரிடம் வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் டோஸ் 5-இலிருந்து 2.5 மி.கி.யாகக் குறையும், இருவேளையும்.

இந்த மூன்று புது மாத்திரைகளில் எதையும் மெக்கானிக்கல் வால்வுக்காரர் பெயரில் சேமிக்க விடாதீர்கள். டாபிகாட்ரானை வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு ரிவராக்சபானைவிட வார்ஃபரின் போன்ற பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ஐஎன்ஆர் பார்க்கும் அலைச்சல் வேண்டாம் என்று நோயாளியே கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளக்கூடும், அதனால் தடை மென்பொருளிலேயே இருக்கட்டும்.

கட்டுப்பாடு எப்படி இருக்கிறது என்று அளப்பது

‘பத்து ஐஎன்ஆரில் ஆறு சரி’ என்று எண்ணுவது தவறாக வழிகாட்டும், ஏனென்றால் எண் கெட்டிருப்பவர்களுக்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறோம். ரோசன்டால் முறை இரண்டு பரிசோதனைக்கு நடுவே ஐஎன்ஆர் நேர்கோடாக மாறியது என்று கொண்டு நாட்களை எண்ணுகிறது. இலக்கு 2 முதல் 3 என்று வைத்துக்கொள்வோம். 1.6-இலிருந்து 20 நாளில் 2.6 ஆனது என்றால் நாளுக்கு 0.05. எட்டாம் நாள் 2.0 தொடும், மீதி 12 நாள் இலக்குக்குள். அடுத்த 16 நாளில் 3.4 ஆனால் அதில் 8 நாள் உள்ளே. மொத்தம் 36-இல் 20, அதாவது 56 சதவீதம். 56 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தொடங்கிய முதல் ஆறு வாரத்தையும் விட்டுவிட வேண்டும்.

இப்படி இலக்குக்குள் இருந்த நாட்கள் 65 சதவீதத்துக்குக் கீழ் இருப்பவர்களை மாதம் ஒருமுறை பட்டியலிட்டு மருத்துவரிடம் கொடுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை 5-க்கு மேலோ, இரண்டு முறை 1.5-க்குக் கீழோ, ஒரே ஒரு முறை 8-க்கு மேலோ போனவர்களும் அதில் வரட்டும். ஆனால் கிளினிக்கின் மொத்தச் சராசரி நன்றாகத் தெரிந்தால் சற்றுச் சந்தேகப்படுங்கள். வராமல் போனவர்களின் நாட்கள் அந்தச் சராசரியில் இல்லை. எனவே அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, எட்டு வாரத்துக்கு மேல் வராதவர் எத்தனை பேர் என்ற எண்ணும் அச்சாக வேண்டும்.

இறந்தவர், வேறு ஊர் மருத்துவமனைக்கு மாறியவர், சிகிச்சை முடிந்தவர் ஆகியோரின் பதிவை அழிக்காமல் காரணத்தோடும் மூடியவர் பெயரோடும் மூடுங்கள். ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்பது மூடுவதற்கான காரணமாகப் பட்டியலில் இருக்கவே கூடாது. மாலையில் கடையடைக்கும் முன், மறுநாள் வர வேண்டியவர்களின் பெயர், எண், தற்போதைய டோஸ், கடைசி மூன்று ஐஎன்ஆர், இலக்கு எல்லாம் ஒரே தாளில் அச்சாகட்டும். காலையில் கரண்ட் இல்லையென்றாலும் அந்தத் தாளை வைத்து வேலையை ஓட்டிவிட்டு, கரண்ட் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.